ஆங்கிலத்தைப் பேசுவதுபோலவே எழுதினால் என்ன?

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: எமிலி பிரான்டே எழுதிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் ஜோசஃப் என்ற வேலைக்காரக் கிழவர் வாயைத் திறந்தாலே எனக்கு ஒன்றும் புரிவதில்லை. மற்றவர்கள் பேசுவது புரிகிறது. இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறும் என்கிறார்கள். அப்படியானால் எல்லாரையும் அவரவர் பேசுவதுபோலவே எழுத வேண்டியதுதானே? ஜோசஃபை மட்டும் ஏன் அப்படி எழுதினார்கள்? நான் கதை எழுதினால் ஒரு யார்க்‌ஷயர்காரரின் பேச்சை எப்படி எழுதுவது?

“ஜோசஃபை மட்டும் ஏன்” என்று கேட்டீர்கள் பாருங்கள், விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அதே வீட்டில், அதே மலைச்சரிவில் வளர்ந்தவள்தான் கதை சொல்லும் நெல்லி டீன். அவளும் வேலைக்காரிதான். ஆனால் அவள் பேச்சு சுத்தமான புத்தக ஆங்கிலத்தில் வருகிறது. வீட்டு நூலகத்திலிருந்த புத்தகங்களையெல்லாம் படித்திருக்கிறேன் என்று அவளே ஓரிடத்தில் காரணம் சொல்கிறாள். படித்திருக்கட்டும். இரவு என்பதற்கு, கதை நடக்கும் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கத்து மக்கள் ‘நீட்’ என்றுதான் சொன்னார்கள். நெல்லியும் அடுப்படியில் நின்று பேசும்போது ‘நீட்’ என்றுதான் சொல்லியிருப்பாள். எழுத்தில் அவளுக்கு ‘நைட்’ கிடைத்தது, ஜோசஃபுக்கு ‘நீட்’ கிடைத்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்று யாருடைய உச்சரிப்பையும் காட்டுவதில்லை. லண்டன்காரருடையதையும் காட்டுவதில்லை, அரண்மனையில் இருப்பவருடையதையும் காட்டுவதில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அங்கிருந்து ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோயிற்று. அதே காலத்தில் நெட்டுயிர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. சுமாராக 1400-லிருந்து 1700 வரை நடந்த இந்த மாற்றத்தைப் பேருயிர்ப் பெயர்ச்சி என்று சொல்வோம். எழுத்து நின்றுவிட்டது, நாக்கு நகர்ந்துவிட்டது. வீடு என்ற பொருள்தரும் ‘ஹவுஸ்’ அப்போது ‘ஹூஸ்’. அந்த ‘ஊ’ ஒலிக்காகத்தான் பிரெஞ்சு வழக்கப்படி ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போட்டார்கள். தெற்கே ஒலி ‘ஹவுஸ்’ ஆகிவிட்டது. ஸ்காட்லாந்தில் இன்றும் ‘ஹூஸ்’தான். நியூகாஸிலில் ‘டவுன்’ இன்னும் ‘டூன்’தான், அந்த ஊர்க் கால்பந்து ரசிகர் கூட்டத்துக்கு ‘டூன் ஆர்மி’ என்றே பெயர். கொச்சை என்று ஒதுக்கப்படுகிற உச்சரிப்புதான் பழையது. மரியாதையான உச்சரிப்பு பின்னால் வந்தது.

காக்ஸ்டனுக்கே இந்தத் தலைவலி இருந்தது. 1490-ல் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறி நெதர்லாந்துப் பக்கத்து ஸீலாந்துக்குப் புறப்பட்ட சில வணிகர்கள் காற்றில்லாமல் கரையொதுங்கினார்கள். அவர்களில் ஷெஃபீல்ட் என்பவர் ஒரு வீட்டில் முட்டை இருக்கிறதா என்று ‘எக்ஸ்’ என்ற வடக்கத்திச் சொல்லால் கேட்டார். வீட்டுக்காரம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாதே என்றாள். ஷெஃபீல்டுக்குக் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் குறுக்கிட்டு ‘எய்ரன்’ வேண்டும் என்றார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த இரண்டில் எதை நான் அச்சிடுவது என்று காக்ஸ்டன் கேட்கிறார். நீங்கள் கேட்பதும் அவர் கேட்டதும் ஒன்றுதான்.

இனி இன்றைய நிலைமை. நம் தமிழெழுத்து இங்கே நன்றாகக் கைகொடுக்கும். கோப்பை என்ற ‘கப்’, வை என்ற ‘புட்’, இரண்டு சொற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடுவில் யூ என்ற ஒரே எழுத்து. தெற்கத்திக்காரர் ஒன்றை ‘கப்’ என்றும் மற்றதை ‘புட்’ என்றும் சொல்கிறார். லீட்ஸ், மான்செஸ்டர், லிவர்பூல் பக்கத்தில் ‘குப்’, ‘புட்’ என்று இரண்டையும் ஒரே உயிரில் சொல்கிறார்கள். எழுத்துக்கு யார் விசுவாசமாக இருக்கிறார்கள்? வடக்கத்திக்காரர்தான். ஒரே உயிராக இருந்த இதைத் தெற்கு 17-ஆம் நூற்றாண்டில் இரண்டாகப் பிரித்துவிட்டது. குளியல் என்ற சொல் வடக்கே ‘பத்’, தெற்கே ‘பாத்’. அங்கேயும் குறில்தான் மூத்தது. ‘ஃபார்ம்’ என்ற சொல்லில் ஆர் எழுத்து இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர், அயர்லாந்துக்காரர், டெவன், சாமர்செட் பக்கத்து விவசாயி எல்லாரும் அதை உருட்டியோ அழுத்தியோ உச்சரிப்பார்கள். லண்டன்காரரும் பிபிசி செய்தியாளரும் ‘ஃபாம்’ என்று விழுங்கிவிடுவார்கள்.

இப்போது ஒரு நாவலாசிரியர் என்ன செய்கிறார் பாருங்கள். வடக்கத்திக்காரர் மேலே என்பதற்கு ‘உப்’ என்று சொல்கிறாராம். அதைக் காட்ட இரண்டு ஓ போட்டு எழுதுகிறார். அதே புத்தகத்தில் லண்டன் டாக்டர் ‘ஃபாம்’ என்று சொல்லும்போது, எழுத்திலுள்ள ஆரை அவர் விட்டுவிட்டதைக் காட்ட எதுவும் செய்வதில்லை. எழுத்திலிருந்து விலகியிருப்பது லண்டன் டாக்டரின் நாக்குத்தான். ஆனால் வடக்கத்திக்காரரின் பேச்சு மட்டும் விலகலாகப் பக்கத்தில் தெரிகிறது. டாக்டர் பேசுவது உச்சரிப்பே இல்லாத ஆங்கிலம் என்ற எண்ணம் வாசகர் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு இதில்தான் கடும் ஆட்சேபம்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. ‘வாஸ்’ என்ற வினையை டபிள்யூ-யூ-இஸட் என்று எழுதுவது, ‘செய்ஸ்’ என்பதை எஸ்-இ-இஸட் என்று எழுதுவது. இரண்டாவதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: ‘செஸ்’. அரசர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த எழுத்துக்கூட்டல் காதுக்குப் புதிதாக எதையும் தருவதில்லை. கண்ணுக்கு மட்டும் ஒரு சேதி சொல்கிறது: இந்த ஆள் படிக்காதவன். ஜார்ஜ் ஃபிலிப் கிராப் என்ற அமெரிக்க மொழியறிஞர் 1925-ல் இதற்குக் கண்வழக்கு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இன்றுவரை மொழியியலில் அதே பெயர்தான்.

இது வெறும் இலக்கியச் சர்ச்சையாக நிற்கவில்லை. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமைகளாகப் பிறந்து உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய் 2,300-க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கதைகளைப் பதிவுசெய்தது. எழுதியெடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பேச்சை அவரவர் இஷ்டப்படி வளைத்து எழுதினார்கள். திட்டத்தில் கறுப்பர் தொடர்பான பகுதிகளுக்கு ஆசிரியராக இருந்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன் 1937-ல் ஒரு குறிப்பு அனுப்பினார். சொல்முறைக்கு உண்மையாக இருப்பதே முதன்மை, உச்சரிப்புக்கு உண்மையாக இருப்பது அடுத்தபடி என்றார். பயன்படுத்தக் கூடாத எழுத்துக்கூட்டல்களைப் பட்டியலே போட்டார். நான் மேலே சொன்ன ‘வாஸ்’ அதில் இருக்கிறது. பிறந்த என்ற சொல்லில் ஆரை எடுத்துவிட்டு ‘போன்’ என்று ஒலிக்க எழுதுவதும் இருக்கிறது. மேலே என்ற ‘ஓவர்’ சொல்லின் கடைசி ஆரை எடுத்து ‘ஓவ’ என்று எழுதுவதும் இருக்கிறது. கொஞ்சம் யோசியுங்கள். ‘போன்’, ‘ஓவ’ என்பவை லண்டன் பிரபுக்களின் உச்சரிப்பும்கூட. பிரபு சொன்னால் முழு எழுத்தும் போடுகிறோம். அலபாமாவில் பருத்தி பறித்த கிழவி சொன்னால் எழுத்தைப் பிடுங்கிவிடுகிறோம். பிரவுனின் அந்தக் குறிப்பைப்போல இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசிய ஆவணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எழுத விரும்புகிறவர்கள் அவருடைய அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். பிபிசி 1922-ல் தொடங்கியது. அறிவிப்பாளர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே தெற்கத்திப் படித்த குரலில் பேசினார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் ஹாலிஃபாக்ஸ்காரரான வில்ஃப்ரெட் பிக்கில்ஸைத் தேசியச் செய்தி வாசிக்க அழைத்துவந்தார்கள். அவர் யார்க்‌ஷயர் உயிர்களோடு வாசித்தார். நள்ளிரவுச் செய்தியின் முடிவில் வடக்கத்தி மக்களுக்காக ‘குட் நீட்’ என்று சேர்த்துச் சொன்னார். ஜோசஃபின் அதே ‘நீட்’. புகார்க் கடிதங்கள் வந்தன. இந்தக் குரலில் வந்தால் செய்தியை நம்ப முடியவில்லை என்ற ரீதியில் குறைப்பட்டவர்கள் உண்டு. உண்மைக்கும் ஒரு உச்சரிப்பு இருக்கிறது என்று மக்களை நம்பவைத்திருந்தார்கள்.

கிளாஸ்கோ கவிஞர் டாம் லெனார்ட் 1976-ல் இதையே பிடித்துக்கொண்டார். அவருடைய கவிதையில் செய்தி வாசிப்பவர், நான் ஏன் பிபிசி உச்சரிப்பில் பேசுகிறேன் என்று விளக்குகிறார்: உங்களை மாதிரி நான் பேசினால் இது உண்மை என்று நீங்களே நம்ப மாட்டீர்கள். அந்த விளக்கம் முழுவதும் கிளாஸ்கோ உச்சரிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒரு வரி என்று நெடுக இறங்கும் கவிதை அது. வாசிக்கும் எவரும் தங்கள் வாயால் கிளாஸ்கோக்காரராக மாறியாக வேண்டும். உச்சரிப்பை எழுத்தில் கொண்டுவருவதற்கு நான் முழு மனதோடு கைதட்டும் இடம் இது. இங்கே கேலிக்கு ஆளாகிறவர் யாரும் இல்லை. எழுதுகிறவரே அந்த உச்சரிப்புக்குச் சொந்தக்காரர். மேலே நின்று விளக்கும் இன்னொரு குரலும் கிடையாது.

ஜேம்ஸ் கெல்மன் வேறு வழியில் போனார். அவரும் கிளாஸ்கோதான். 1994-ல் அவர் நாவலுக்கு புக்கர் பரிசு கிடைத்தபோது நடுவர்களில் ஒருவரான ஜூலியா நியூபெர்கர் அதை அவமானம் என்றே வெளிப்படையாகச் சொன்னார். கெல்மனுடைய கோபம் எளிமையானது. பழைய நாவல்களில் கதைசொல்லி தரமான ஆங்கிலத்தில் எழுதுவார். தொழிலாளி மேற்கோள் குறிகளுக்குள் மாட்டிக்கொண்டு உடைந்த எழுத்துகளில் பேசுவார். கெல்மன் மேற்கோள் குறிகளையே எடுத்துவிட்டார். கதைசொல்லியும் பாத்திரமும் ஒரே குரல். கவனித்துப் பாருங்கள், அவர் எழுத்துக்கூட்டலை அதிகம் மாற்றவில்லை. இல்லை என்று முடியும் வினைகளில் ‘நே’ விகுதி, அங்கங்கே சில உள்ளூர்ச் சொற்கள், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வாக்கியத்தின் ஓட்டம். கி. ராஜநாராயணனைப் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கதை சொல்லும் குரலே கரிசல்காட்டுக் குரலாக இருக்கும்போது பாத்திரங்களின் பேச்சு தனியாக ஒரு காட்சிப்பொருளாகத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

ஸ்காட்லாந்தின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஸ்காட்ஸ் என்பதை ஆங்கிலத்தின் வட்டார வழக்கு என்று சொன்னால் அங்கே பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். 2011, 2022 என்று இரண்டு கணக்கெடுப்புகளிலும் சுமார் 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசுவதாகப் பதிந்தார்கள். 2025-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கேலிக் மொழிக்கும் ஸ்காட்ஸுக்கும் சட்டப்படி அதிகாரபூர்வ நிலை கொடுத்தது. ஆனாலும் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்காட்ஸ் எழுதியவர்கள், ‘வி’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு, ஆங்கிலத்தின் ‘வித்’ சொல்லில் ஏதோ உதிர்ந்துபோன மாதிரி மேலே ஒரு குறி போட்டு வந்தார்கள். ராபர்ட் பர்ன்ஸின் பாடல்களிலும் இந்தக் குறிகள் நிறைய. எதுவும் உதிரவில்லை, அந்த மொழியில் அந்தச் சொல்லே அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் குறி என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. 1947-ல் எடின்பரோவில் கூடிய கவிஞர்கள் ஒரு நடைக்கையேடு உருவாக்கி, இந்தக் குறிகளை விட்டுவிடுவோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

சரி, வேற்றுமையே பார்க்காமல் எல்லாரையும் அப்படியே ஒலிப்படி எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். முடியும், ஒருவர் செய்தும் காட்டினார். ஜோசஃப் ரைட் 1855-ல் பிராட்ஃபோர்ட் அருகே பிறந்தவர். பிரான்டே குடும்பம் வாழ்ந்த ஹாவர்த்திலிருந்து அது அதிக தூரமில்லை. ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை ஓட்டினார், பிறகு சால்டேர் நூற்பாலையில் வேலை. 15 வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. 1901-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியர் ஆனார். ஆறு பெருந்தொகுதிகளாக 1898 முதல் 1905 வரை அவர் வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதி இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1892-ல், தான் வளர்ந்த விண்ட்ஹில் கிராமத்துப் பேச்சுக்கு ஒரு முழு இலக்கணம் எழுதினார். அதில் பேச்சு ஒலியியல் எழுத்துகளில் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. அந்த எழுத்துகளைப் படிக்கப் பயிற்சி வேண்டும். விண்ட்ஹில் மக்களே தங்கள் பேச்சை அந்தப் புத்தகத்தில் படித்திருக்க முடியாது.

பெர்னார்ட் ஷா தன் பங்குக்கு உயிலில் பணம் ஒதுக்கி, ஆங்கிலத்துக்குப் புது எழுத்துமுறை வேண்டும் என்று கேட்டார். அவர் எழுத்துமுறைக்கு அடிப்படையாகச் சொன்ன உச்சரிப்பு ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடையது. டப்ளினில் பிறந்து வளர்ந்தவர் ஷா. ஒலிப்படி எழுதலாம் என்று முடிவெடுத்த அடுத்த நிமிடமே யாருடைய ஒலி என்று கேட்டாக வேண்டும். அவராலும் அதைத் தாண்ட முடியவில்லை. இன்றைய எழுத்துக்கூட்டலில் எத்தனை அபத்தம் இருந்தாலும் ஒரு நன்மை உண்டு. கிளாஸ்கோக்காரரும் நைஜீரியக்காரரும் மதுரைக்காரரும் ஒரே பக்கத்தை அவரவர் குரலில் படிக்கலாம்.

உங்கள் கதைக்கு வருகிறேன். உச்சரிப்பைத் தொடாதீர்கள், வாக்கிய அமைப்பைத் தொடுங்கள். யார்க்‌ஷயர் என்று காட்ட எழுத்துகளை உடைக்கத் தேவையே இல்லை. ஒன்பதிலிருந்து ஐந்துவரை வேலை என்பதை அங்கே ‘நைன் வைல் ஃபைவ்’ என்பார்கள். நான் இருந்தேன் என்பதற்கு ‘ஐ வேர்’ என்பார்கள். ஒருமையிலேயே எனக்குக் கொடு என்பதற்கு ‘கிவ் அஸ்’ என்பது வடக்கு முழுக்க உண்டு. வீட்டுப் பிள்ளையைச் சொல்லும்போது பெயருக்கு முன்னால், எங்கள் என்று பொருள்தரும் ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல் வரும், நாம் ‘நம்ம மீனா’ என்கிற மாதிரி. லிவர்பூலிலும் கிளாஸ்கோவிலும் பலரை அழைக்க ‘யூஸ்’ இருக்கிறது; ஐரிஷ்காரர்களோடு வந்து சேர்ந்தது. அயர்லாந்தில் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதற்கு ‘ஐ ஆம் ஆஃப்டர் ஈட்டிங்’ என்பார்கள். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அப்படியே ஆங்கிலத்தில் இறங்கியிருக்கிறது. இவை எல்லாவற்றையும் வழக்கமான எழுத்துக்கூட்டலிலேயே எழுதலாம். படிப்பவர் தடுமாற மாட்டார், ஆனால் ஊர் தெரிந்துவிடும்.

விளிச்சொற்களை விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் வாடிக்கையாளரை நியூகாஸிலில் ‘பெட்’ என்பார், நாட்டிங்ஹாமிலும் ஸ்டோக்கிலும் ‘டக்’ என்பார், கிளாஸ்கோவில் பெண்களை ‘ஹென்’ என்பார். யார்க்‌ஷயரில் ‘லவ்’, அதுவும் ஒரு முரட்டு பஸ் டிரைவர் இன்னொரு முரட்டு ஆளைப் பார்த்தே சொல்லுவார். ஒரே ஒரு விளிச்சொல் போதும், இரண்டு பக்கத்து எழுத்துடைப்பு தராத நெருக்கத்தை அது தந்துவிடும். யார்க்‌ஷயர் என்றவுடன் எல்லாரும் போடும் ‘ட்’டை, அதாவது ‘த’ என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல்லின் சுருக்கத்தை, மட்டும் அளவாக வையுங்கள். நிஜப் பேச்சில் அது பல இடங்களில் ‘ட்’ ஆகவே ஒலிப்பதில்லை. தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு, உடனே அடுத்த சொல். எழுத்தில் பார்த்துப் படிக்கிற நடிகர்கள் ‘ட்’ ‘ட்’ என்று தட்டும்போது அந்த ஊர்க்காரர்களுக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

ஜோசஃபுக்கு எமிலி அநியாயம் செய்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்ததைக் கவனமாகத்தான் எழுதினார். ஹாவர்த் பேச்சை ஆராய்ந்தவர்கள் அதை ஒத்துக்கொள்கிறார்கள். நாவல் 1847-ல் வந்தது, அடுத்த ஆண்டு டிசம்பரில் எமிலி இறந்துபோனார். 1850-ல் மறுபதிப்பு வந்தபோது அக்கா ஷார்லட், யார்க்‌ஷயர் காதுக்கு இது அச்சு அசலாக ஒலிக்கிறது, ஆனால் தெற்கத்திக்காரர்களுக்குப் புரியவே புரியாது என்று பதிப்பகத்தாருக்கு எழுதிவிட்டு, ஜோசஃபின் எழுத்துக்கூட்டலைத் தளர்த்தினார். சொற்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தார். இன்று கிடைக்கும் நல்ல பதிப்புகள் பலவும் 1847 வடிவத்தையே பின்பற்றுகின்றன. உங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

அதைக் கண்ணால் படிக்காதீர்கள், வாயால் படியுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் பனி பெய்கிறது, லாக்வுட் பூட்டிய கதவைத் தட்டுகிறார், ஜோசஃப் தொழுவத்திலிருந்து தலையை நீட்டிச் சொல்கிறார். ‘நொபட்’ என்றால் தவிர வேறில்லை. ‘ஷூ’ என்றால் அவள். ‘ஃப்ளேசம்’ என்றால் பயங்கரமான. ‘நீட்’ உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எஜமானியம்மா மட்டும்தான் உள்ளே இருக்கிறாள், நீ ராத்திரிவரை இப்படிக் காட்டுக்கூச்சல் போட்டாலும் அவள் கதவைத் திறக்க மாட்டாள் என்கிறார். இந்த நான்கு சொற்களோடு, ஏதாவது என்ற ‘சம்மட்’, ஒன்றுமில்லை என்ற ‘நவ்ட்’, வேண்டும் என்ற ‘மன்’ ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜோசஃபின் பேச்சில் பெரும்பகுதி அதற்குமேல் உங்களைத் தடுக்காது.